சிவாஜியைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் 1 சிவாஜி கணேசன் பிறந்த நாள், ஜூலை 21 நினைவு நாள். இந்த இரண்டு நாளும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் படம் ஒன்று ஓடும். அப்பா காலத்தில் ஒலிநாடா, அப்புறம் வி.சி.ஆர்., இப்போது செல்போனிலிருந்து டி.வி.க்கு. அக்கா பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள், எதிர்வீட்டுப் பையன்கள் என்று பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். படம் முடிந்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். வருஷா வருஷம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சிவாஜி நம்ம பக்கத்து ஆளா, தஞ்சாவூர்க்காரரா?

இரண்டும் சரி. பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். பிறந்தது 1928இல் விழுப்புரத்தில். வி.சி. கணேசன் என்ற பெயரில் 'வி' விழுப்புரம், 'சி' அப்பா சின்னையா மன்றாயர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். அம்மா ராஜாமணி அம்மாள்.

அன்றைக்கு விழுப்புரம் தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. ஜில்லாவுக்குத் தலைநகர் எங்கள் கடலூர். 1993இல்தான் விழுப்புரம் தனி மாவட்டமானது. அதனால் என் அப்பாவுக்குக் கடைசிவரை அவர் "நம்ம ஜில்லாக்காரர்". சென்னைக்குப் போகிற ரயில் விழுப்புரம் ஜங்ஷனில் நின்றால் அப்பா கட்டாயம் இறங்குவார். டீ வாங்குவார், பிளாட்பாரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரு பார்வை பார்ப்பார், "இந்த மண்ணுதாண்டா" என்பார். ரயில் ஊதியபிறகுதான் ஏறுவார். அம்மா ஒவ்வொரு தடவையும் பயந்து போய் ஜன்னல் வழியாகக் கூப்பிடுவாள்.

எத்தனை படம், எத்தனை வருஷம்?

'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வந்தது. கடைசிப் படங்கள் 1999இல். நடுவில் 47 வருஷம், முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாகப் படங்கள். நூறாவது படம் 'நவராத்திரி' 1964இல், இருநூறாவது 'திரிசூலம்' 1979இல். முதல் நூறு படத்தைப் பன்னிரண்டே வருஷத்தில் முடித்திருக்கிறார். அதாவது வருஷத்துக்கு எட்டுப் படம். அந்த நூறில்தான் 'மனோகரா', 'உத்தம புத்திரன்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு', 'கர்ணன்' எல்லாம் இருக்கின்றன. இதற்கிடையே சொந்த நாடக மன்றம் வைத்து மேடையிலும் நடித்துக்கொண்டிருந்தார். கட்டபொம்மனே முதலில் மேடையில் நடந்து, பிறகுதான் படமானது.

நடிப்பை எங்கே கற்றுக்கொண்டார்?

பாய்ஸ் கம்பெனியில். சின்னப் பையன்களை மட்டும் வைத்து நடந்த நாடக சபைகளை அப்படித்தான் சொல்வார்கள். குடும்பம் திருச்சிக்குப் போன பிறகு, கட்டபொம்மன் கூத்து ஒன்றைப் பார்த்துவிட்டு நடிக்கவேண்டும் என்று மனசில் விழுந்துவிட்டது. ஏழு வயதை ஒட்டிய பையன், தான் அநாதை என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்துகொண்டான். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளைதான் வாத்தியார்.

அங்கே காலையில் பாட்டு, அப்புறம் வசனப்பாடம், நடனம், சண்டை என்று வரிசையாகப் பயிற்சி இருக்கும். ஒரு நாடகத்தில் எல்லார் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடமாக வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றைக்கு ராத்திரியே இன்னொருவன் அந்த வேஷத்தைக் கட்டவேண்டும் அல்லவா? பெண் வேஷமும் பையன்கள்தான். சிவாஜி ராமாயணத்தில் சீதையாக நடித்தவர். ஸ்திரீபார்ட் போட்ட உடம்புக்குத்தான் அந்த நளினம் வரும். அவர் திரையில் கையை மடக்கி, விரலை ஒவ்வொன்றாக விரிப்பதைப் பாருங்கள், சீதை அங்கே தெரிவாள்.

இந்தக் கம்பெனிகளில் பையன்களுக்கு மகரக்கட்டு உடைந்தால், அதாவது வயதுக்கு வந்து குரல் கட்டிக்கொண்டால், பலருக்குப் பிழைப்பே போய்விடும். அதைத் தாண்டி நின்றவர்கள் கொஞ்சம் பேர். சிவாஜி நின்றார். 1940களின் நடுவில் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்ஜியம்' நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்தார். அதைப் பார்த்த பெரியார் வாயிலிருந்து வந்த பெயர்தான் 'சிவாஜி'. கணேசன் சிவாஜி கணேசனானது அப்படி.

'பராசக்தி'க்கு அவரை எடுத்தவர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள். படப்பிடிப்பு தொடங்கியபிறகு, பையன் ஒல்லியாக இருக்கிறான், வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு எழுந்தது. பெருமாள் அசையவில்லை. அந்த நன்றியைச் சிவாஜி மறக்கவே இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் வேலூருக்குப் போய் அவர் வீட்டில் சீர் வைத்து வணங்கிவிட்டு வருவார். இதைச் சொல்லும்போதெல்லாம் என் அப்பாவுக்குக் குரல் மாறும்.

அவர் செய்தது ஓவர் ஆக்டிங் இல்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்குக் கோபம் வராது, ஆனால் பதில் நீளும்.

முதலில் ஒரு நாடகக் கொட்டகையை மனசில் கொண்டுவாருங்கள். தரையில் மணல், பக்கவாட்டில் கீற்றுத் தடுக்கு, கடைசி வரிசையில் குழந்தை அழுகிறது, வெளியே கடலை வண்டிக்காரன் கூவுகிறான். மேடையில் நிற்கிறவனுக்கு மைக் இல்லாத காலமும் உண்டு, இருந்தாலும் நடுவில் ஒன்று தொங்கும். அழுதால் கடைசி ஆளுக்குத் தெரிய வேண்டும். புருவத்தை மட்டும் தூக்கினால் யாருக்குத் தெரியும்? தோளும் கழுத்தும் கையும் சேர்ந்து அழவேண்டும். குரல் அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். இருபது வயதுவரை இதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். ஜனங்களுக்கும் இதுதான் பழக்கம். 1950களில் டென்ட் கொட்டகைக்குப் படம் பார்க்க வந்தவர்கள் அதற்கு முந்தின வாரம்வரை கூத்தும் நாடகமும் பார்த்தவர்கள். தெருக்கூத்தில் துரியோதனன் வரும்போது யாராவது "ஓவர்" என்று சொல்வோமா? அது அந்தக் கலையின் அளவு.

அந்த அளவு தெரிந்தவருக்கு மற்ற அளவும் தெரிந்திருந்தது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம் முடிவதற்குள், 1954இல், 'அந்த நாள்' செய்தார். எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. கதாநாயகன் நாட்டைக் காட்டிக்கொடுக்கிற ரேடியோ என்ஜினியர். மக்கள் அப்போதுதான் வசனத்துக்காகத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடத் தொடங்கியிருந்த நடிகர், சாதாரணக் குரலில், சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு, துரோகியாக வந்து நிற்கிறார். அதே 1954இல்தான் 'மனோகரா'வில் சங்கிலியோடு தர்பாரில் முழங்குகிறார். ஒரே வருஷம், ஒரே ஆள். மனோகரனின் குரல் தெரியாமல் வந்த குரல் என்று இதற்கப்புறம் எப்படிச் சொல்ல முடியும்?

சரி, எல்லாப் படத்திலும் அளவு சரியாக இருந்ததா? இல்லை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சில படங்களில், காட்சிக்குத் தேவையில்லாத இடத்தில் உதடு துடிக்கும், கன்னம் துடிக்கும். ஜனங்கள் கைதட்டினார்கள், இயக்குநர்கள் அதையே கேட்டார்கள், அவரும் கொடுத்தார். அதை நான் மறைக்க மாட்டேன். அந்தப் படங்களின் துண்டுக் காட்சிகளைச் செல்போனில் பார்த்துவிட்டு இதுதான் சிவாஜி என்று முடிவு கட்டாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வரத்தை அவரே வாசித்தாரா?

இல்லை. வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படம் 1968இல் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கம், கே.வி. மகாதேவன் இசை. திரையில் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி, தம்பியாக ஏ.வி.எம். ராஜன், தவிலுக்கு டி.எஸ். பாலையா.

இந்தக் கேள்விக்கு என் பெரியப்பாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன். அவர் கோயில்களில் நாதஸ்வரம் வாசித்தவர். சினிமாவில் யாராவது வாத்தியம் வாசிப்பதாகக் காட்டினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார், அவ்வளவு எரிச்சல். இந்தப் படத்தை எங்கள் வீட்டில் போட்டபோது மட்டும் நகரவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். திரும்பப் போடச் சொன்னார்.

அவர் காட்டிய விஷயங்கள் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கின்றன. நாதஸ்வரத்தில் விரல் போடுகிற துளை ஏழு. ஓசை இழுக்கும்போது விரல் துளையை முழுக்க மூடாமல் ஓரத்தில் தேய்க்கும், கமகம் அங்கேதான் பிறக்கிறது. சிவாஜியின் விரல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் சரியாக விழுகிறதா என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அந்தத் தேய்ப்பு அவர் விரலில் இருக்கிறது. அப்புறம் மூச்சு. நீளமான பிடி முடிகிற இடத்தில் கழுத்து நரம்பு தளர்ந்து, தோள் அரை அங்குலம் இறங்கி, மூக்கால் மூச்சு இழுத்து, உடனே அடுத்த பிடிக்குக் கன்னம் உப்புகிறது. கண் தவில்காரர் பக்கம் போய்த் திரும்புகிறது, தாளத்தை முடித்துவைக்கிற தீர்மானத்துக்கு அவரைத் தயார்ப்படுத்துகிற பார்வை. "வாசிக்கத் தெரிஞ்சவனுக்குக்கூட எல்லாருக்கும் இப்படி உக்காரத் தெரியாது" என்றார் பெரியப்பா. அவர் வாயிலிருந்து வேறெந்த நடிகருக்கும் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

'நலந்தானா' பாட்டில் அவருக்குப் பேச்சே கிடையாது. வாயில் சீவாளி. கேள்வியெல்லாம் பத்மினிக்கு, பதில் முழுக்க இவர் கண்ணுக்கு. ஓவர் ஆக்டிங் கேள்வி கேட்டவர்களை நான் அந்த நான்கைந்து நிமிஷத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவேன்.

கடலூரில் 'திருவருட்செல்வர்' படத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாசம்?

அப்பர் எங்கள் மண்ணின் பிள்ளை. பிறந்தது பண்ருட்டிப் பக்கம் திருவாமூர். சூலை நோய் தீர்ந்தது திருவதிகையில். கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது 'சொற்றுணை வேதியன்' பாடி மிதந்து வந்தார் என்பதும், கரையேறிய பிறகு எங்கள் ஊர்க் கோயில் பாடலீசுவரர் முன்னால் 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' பாடினார் என்பதும் நாங்கள் பால்குடிப் பருவத்திலிருந்து கேட்டு வளர்ந்த கதை. அவர் கரையேறிய இடத்துக்கு இன்றைக்கும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் பெயர்.

1967இல் வந்த அந்தப் படத்தில் சிவாஜிக்குப் பல வேஷம். சேக்கிழார் அவர்தான், சுந்தரர் அவர்தான், அப்பரும் அவர்தான். அப்பர் வேஷத்துக்குக் காஞ்சிப் பெரியவரை மனசில் வைத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. திரையில் வருகிறவரோ எண்பதைத் தொடுகிற கிழவர். கூன் முதுகில் மட்டும் இல்லை, முழங்காலிலிருந்து தொடங்குகிறது. பாதத்தை எடுத்து வைப்பதில்லை, நகர்த்துகிறார். பேசுவதற்கு முன்னால் ஒரு கணம் வாய் திறந்து காத்திருக்கிறது, வயதானவர்களுக்கு மூச்சு சேர்வதற்கு ஆகிற நேரம் அது.

என் பாட்டி கோயில் பிராகாரத்தில் அப்பர் சந்நிதியைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சிவாஜி மாதிரியே இருக்காரு பாரு" என்பாள். பக்தியில் துளி குறைவில்லாமல்தான் சொல்வாள். அவளுக்கு அப்பர் அந்த முகத்தோடுதான் வந்தார். கோயில் திருவிழாக்களில் கூம்பு ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' கதைவசனம் போட்ட காலம் அது. தருமி காட்சி ஓடும்போது கடைத்தெருவில் பாதிப் பேர் வாய் அசைத்துக்கொண்டே சாமான் நிறுப்பார்கள்.

எம்.ஜி.ஆர். ரசிகர்களோடு நிஜமாகவே சண்டை நடந்ததா?

எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பா சிவாஜி, சித்தப்பா எம்.ஜி.ஆர். பொங்கலுக்கு இரண்டு பேர் படமும் வந்தால் பண்டிகை முழுக்க இருவருக்கும் பேச்சு இருக்காது. பாட்டி ஒரே பந்தியில் உட்காரவைத்துத்தான் சமாதானம் செய்வாள். இருவரும் சேர்ந்து நடித்தது ஒரே படம், 1954இல் வந்த 'கூண்டுக்கிளி'. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி வந்தபோது அப்பாதான் முதலில் எழுந்து சித்தப்பா வீட்டுக்கு ஓடினார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் எதில் ஆரம்பிக்கலாம்?

'தில்லானா மோகனாம்பாள்'. சந்தேகமே வேண்டாம். அடுத்து 'அந்த நாள்'. மூன்றாவதாக 'தெய்வ மகன்', 1969. அப்பாவாகவும் இரண்டு மகன்களாகவும் மூன்று வேஷம். ஆஸ்கருக்கு இந்தியாவிலிருந்து அனுப்பிய படம் அது. முகத்தில் தழும்போடு ஒதுங்கி வாழ்கிற மூத்தவனும், செல்லம் கொஞ்சுகிற இளையவனும் ஒரே அறையில் நிற்கும்போது, இருவரும் ஒருவரே என்பது மறந்துபோகும். இளையவனின் துறுதுறுப்பை இயக்குநர் ஸ்ரீதரைப் பார்த்துப் பிடித்தார் என்பார்கள்.

கட்டபொம்மனை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1960இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்த படம்தான், பள்ளி ஆண்டு விழாவில் நாங்கள் எல்லோரும் அட்டைக் கத்தியோடு பேசிய வசனம்தான். ஆனால் அந்த முழக்கத்துக்குக் காது பழகிய பிறகு கேட்டால்தான் அதில் இருக்கிற ஏற்ற இறக்கம் பிடிபடும். 'கர்ணன்' பெரிய திரையில் கிடைத்தால் விடாதீர்கள். 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோது புதுச்சேரிக்குப் போய் அப்பாவோடு பார்த்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் இடைவேளையில் அப்பாவுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, "தாத்தா, நீங்க முதல்ல வந்தப்பவே பார்த்தீங்களா?" என்று கேட்டான். அன்றைக்கு முழுக்க அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வயதான பிறகு சும்மா தலைகாட்டிவிட்டுப் போனாரா?

'முதல் மரியாதை' பாருங்கள், 1985, பாரதிராஜா. ஒப்பனை ஏறாத முகம். ஊர்ப் பெரியவர் மலைச்சாமி. வீட்டில் நிம்மதியில்லாத மனிதர், பரிசல்காரப் பெண் குடிசையில் மீன்குழம்பு சாப்பிடுகிற காட்சி ஒன்று வரும். பசித்த மனிதன் சாப்பிடுகிறான், அவ்வளவுதான். சோற்றைப் பிசைகிற கையும் முள்ளை ஒதுக்குகிற விரலும் போதுமானதாக இருக்கின்றன. இளவட்டக்கல்லைத் தூக்குகிற காட்சியில் தோள் நடுங்குவதில் அந்த வயது முழுக்கத் தெரியும், அந்தப் பெண் பார்க்கிறாள் என்ற சந்தோஷமும் தெரியும்.

1992இல் 'தேவர் மகன்'. மகனோடு பேசும் அந்த நீண்ட காட்சியில் குரலை எவ்வளவு நேரம் கீழேயே வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். அதில் அவருக்குச் சகோதரராக வருகிற காகா ராதாகிருஷ்ணன், சின்ன வயதில் பாய்ஸ் கம்பெனியில் கூட இருந்தவர். 'படையப்பா' வந்தது 1999இல், எழுபது வயதில். வீட்டை விட்டுப் போகும்போது தூணைக் கட்டிக்கொள்வார். கடைசியாக என் அம்மாவோடு தியேட்டரில் பார்த்த சிவாஜி படம் அது. அந்த இடத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், விளக்குப் போடும்வரை விடவில்லை.

விருதுகள் சரியாகக் கிடைத்தனவா?

பத்மஸ்ரீ 1966, பத்மபூஷண் 1984, பிரான்ஸ் அரசின் செவாலியே 1995, அப்புறம் 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே. சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் கடைசிவரை வரவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

செவாலியே அறிவிப்பு வந்தபோது தமிழ்நாடு முழுக்க அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது. புதுச்சேரிக்கு அந்தச் சிரமம் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பங்கள் நிறைந்த ஊர், செவாலியே என்றால் என்ன மரியாதை என்று அங்கே பாட்டிமார்களுக்கும் தெரியும். புதுச்சேரியில் இருந்த என் அத்தை, மாமனார் வாங்கிய பழைய பிரெஞ்சுப் பதக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, சிவாஜி படத்துக்குப் பக்கத்தில் வைத்து விளக்கேற்றினார்.

அரசியலில் ஏன் ஜெயிக்கவில்லை?

நீண்ட காலம் காங்கிரஸில் இருந்தார், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார், தனிக்கட்சி தொடங்கி 1989 தேர்தலில் திருவையாற்றில் தோற்றார். அதைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு நடிகரைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை.

புதுச்சேரியில் சிவாஜி சிலை எங்கே இருக்கிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கருவடிக்குப்பத்தில். ராஜீவ் காந்தி சிலையிலிருந்து சென்னைப் பக்கம் போகிற வழி. ஆட்டோக்காரரிடம் "சிவாஜி சிலை" என்றாலே போதும்.

போகிறவர்கள் சிலையோடு திரும்பிவிடாதீர்கள். அதே கருவடிக்குப்பத்து மயானத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. தமிழ் நாடகத்துக்குத் தலைமை ஆசிரியர் அவர். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' எல்லாம் அவர் எழுதியவை. சிறுவர்களைச் சேர்த்து, பாடமும் பாட்டும் சொல்லிக்கொடுத்து நாடகம் நடத்துகிற முறையை வளர்த்தவர். 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் காலமானார். சிவாஜி பிறக்க அப்போது இன்னும் ஆறு வருஷம் இருந்தது. ஆனால் அந்தப் பையன் போய்ச் சேர்ந்த பாய்ஸ் கம்பெனிப் படிப்பு இவரிடமிருந்து வந்தது. அவர் நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் இங்கே வந்து வணங்குவார்கள்.

போன வருஷம் அக்கா பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் சிலை, அப்புறம் சமாதி. "இவரு எந்தப் படத்துல நடிச்சாரு தாத்தா?" என்று கேட்டாள். படத்தில் நடிக்கவில்லை, நடிக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கும் வாத்தியார் என்றேன். கையில் மிச்சமிருந்த ரோஜாப்பூவைச் சமாதியில் வைத்துவிட்டு, "அப்ப சிவாஜி சீதையா நடிச்ச கதைய மறுபடி சொல்லு" என்றாள். கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து, ரெட்டிச்சாவடி தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன்.